இடுப்பளவுத் தண்ணீர்

ஹவாயின் ஓவாஹு தீவில் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். வடகரையில் பைப்லைன் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே அலைகள் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, கொஞ்ச ஆழத்திலேயே கிடக்கும் பாரின், அதாவது கடலடிப் பாறைத்தளத்தின், மேல் குழாய்போலச் சுருண்டு விழும். தேர்ந்த வீரர்களே அங்கு உயிரை விட்டிருக்கிறார்கள். தென்கரையில் வைக்கீக்கீ. அங்கே அலைகள் கரைக்கு வெகு தொலைவிலேயே நுரைகட்டத் தொடங்கி, அவசரமே இல்லாமல் நகர்ந்து வரும். நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் இன்று காலை பலகைமேல் எழுந்து நின்றுவிடுவார். 1912, 1920 ஒலிம்பிக் நீச்சல்களில் தங்கம் வென்றவரும், அலைச்சறுக்கை உலகுக்குக் கொண்டுபோனவருமான டியூக் கஹானமோகு கற்றுத் தேர்ந்தது இந்தச் சாதுவான கரையில்தான்.

ஒரே தீவு, ஒரே பெருங்கடல். பருவமும் திசையும் ஒரு பாதிக் காரணம். மறு பாதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவர்கள் முதலில் பெயர்பெற்ற இடங்களின் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் யார் என்று யோசிப்பதில்லை. வேகத்தையும் குழாயையும் தேடி அலைகிறவர்கள் போட்டது அது. அவர்களுக்குச் சலிப்பூட்டும் கரைதான் நமக்கு வேண்டியது. "அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் நுரை" என்று ஒரு கைதேர்ந்தவர் உதடு பிதுக்கினால், அந்த ஊரின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் அலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கரையில் நாம் காணும் அலையைப் பெரும்பாலும் அந்தக் கரையின் காற்று உண்டாக்குவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தெற்கு அட்சரேகை 40 பாகைக்குக் கீழே, நிலமே குறுக்கிடாத நீர்வெளியில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் வீசுகிறதோ அந்த அளவுக்கு அலை வளரும். புயலை விட்டு வெளியேறியபின் அந்த அலைகள் ஒழுங்குபட்டு, நீண்ட வரிசைகளாக வடக்கே கிளம்பும். அலைச்சறுக்குக்காரர்கள் இதை ஸ்வெல் என்பார்கள்.

ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். இடைநேரம் 14 விநாடி என்றால் முகடுகளுக்கு இடையே சுமார் 306 மீட்டர். முகடு மணிக்கு 79 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அலைக்கூட்டம், அதாவது ஆற்றல், அதில் பாதி வேகத்தில்தான் முன்னேறும். 50 பாகைத் தெற்கில் பிறந்த அலை இலங்கையின் தென்முனையைத் தொட ஏறக்குறைய 6,200 கிலோமீட்டர் வர வேண்டும். அதற்கு ஆறேழு நாள் ஆகும். அங்கே புயல் ஓய்ந்து, வானிலைப் படத்திலிருந்தே மறைந்துபோயிருக்கும். இங்கே ஒருவர் அதன்மேல் பலகையை வைத்துக்கொண்டிருப்பார்.

இதை வெறும் கணக்காக விட்டுவிடாமல் கடலிலேயே அளந்து காட்டியவர் வால்டர் முங்க். இரண்டாம் உலகப்போரில் நேசப்படைகள் கரையிறங்க ஏற்ற நாளைக் கணிக்க, ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்போடு சேர்ந்து அலை முன்கணிப்பு முறையை உருவாக்கியவர் அவர். 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை பசிபிக்கின் குறுக்கே அளவு நிலையங்களை அமைத்து, அண்டார்ட்டிகாப் பக்கத்துப் புயல்களில் பிறந்த அலைகளைப் பெருங்கடலின் மறுகோடிவரை தொடர்ந்தார். நீண்ட இடைநேர அலைகள் முந்திவந்தன, குறுகியவை பிந்திவந்தன. வழியில் அவை இழந்த ஆற்றல் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு.

கற்றுக்கொள்கிறவருக்கு இதனால் என்ன? முன்கணிப்பில் "அலை 1 மீட்டர்" என்று இருந்தால் அது அரைத் தகவல். 6 விநாடி இடைநேரமுள்ள ஒரு மீட்டர் அலை கரைக்கு வரும்போது பெரிதாக வளராது. 14 விநாடி அலையோ தரையை 150 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கிவிடும். அலைநீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலையின் வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, உயரம் கூடுகிறது. நேராக மோதும் கரையில் அந்த ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டரைத் தாண்டி எழுந்து நிற்கும். கடலைப் பார்த்துப் பழகாதவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். நீண்ட இடைநேர நாளில் பெரிய அலைத்தொகுதிகளுக்கு இடையே பல நிமிடம் கடல் அமைதியாகக் கிடக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். தென்கோடிக் கடலிலிருந்து வந்த ஸ்வெல்லால் கள்ளக்கடல், அதாவது திடீர்க் கடல்சீற்றம், பற்றிய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்கள் அவை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அலைச்சறுக்கு கற்கிறவர் கைப்பேசியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வீடியோவெல்லாம் பிறகு.

இனித் தரைக்கு வருவோம். இந்த அத்தியாயம் முழுவதும் உண்மையில் தரையைப் பற்றியதுதான்.

அலை எந்த ஆழத்தில் உடையும் என்பதற்குக் கடலோரப் பொறியாளர்கள் கையில் ஓர் எளிய விகிதம் இருக்கிறது: அலையின் உயரம் தண்ணீரின் ஆழத்தில் ஏறக்குறைய 0.78 மடங்கை எட்டும்போது அது உடைந்துவிடும். 70 சென்டிமீட்டர் அலை 90 சென்டிமீட்டர் தண்ணீரில் உடையும். அது பெரியவர் ஒருவருக்கு இடுப்பளவு. இரண்டு மீட்டர் அலை இரண்டரை மீட்டர் தண்ணீரில் உடையும். அங்கே காலே எட்டாது. கற்பிக்கிறவர்கள் "இடுப்பளவுக்கு மேல் போகாதே" என்று சொல்வது பயத்தால் மட்டுமல்ல. அந்த ஆழமே உங்களுக்கு வரக்கூடிய அலையின் உயரத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிடுகிறது. வெளியே எவ்வளவு பெரிய அலை உடைந்தாலும், தரை மட்டமாக இருந்தால், இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்து சேரும்போது அது அடங்கிய நுரையாகத்தான் இருக்க முடியும். கற்பவரின் முதல் சில வாரங்கள் இந்த நுரைத்தண்ணீரில்தான் கழிய வேண்டும். அது பலகையைப் பின்னாலிருந்து சீராகத் தள்ளும். அலையின் உச்சியிலிருந்து கீழே விழ வைக்காது.

இதெல்லாம் "தரை மட்டமாக இருந்தால்" என்ற ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. சரிவு கூடினால் கதையே மாறும். ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் பிறந்த பொறியாளர் ரமோன் இரிபாரன், துறைமுகச் சுவர்களை அலை எப்படித் தாக்குகிறது என்று ஆராய்ந்தபோது ஒரு விகிதத்தைக் கண்டார்: தரையின் சரிவை அலையின் செங்குத்துத்தன்மையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 1974இல் நெதர்லாந்தின் யூரியன் பாட்யெஸ் அதை விரிவாக எடுத்துக்காட்டியபின் அது இரிபாரன் எண் என்றே நிலைத்தது. இந்த எண் அரைக்குக் கீழே இருந்தால் அலையின் உச்சியிலிருந்து நுரை மெல்லச் சரிந்து வழியும். அரைக்கு மேல் போனால் உச்சி முன்னே பாய்ந்து கவிழும். மூன்றையும் தாண்டினால் அலை உடையாமலே கரையில் ஏறி இறங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அலை 70 சென்டிமீட்டர், இடைநேரம் 13 விநாடி. தரை ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் எண் சுமார் 0.39: வழியும் அலை. அதே அலை, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கரைக்கு வந்தால் எண் 1.9: கவிழும் அலை. வானிலை, நாள், நேரம், அலை எல்லாம் ஒன்று. முதல் கரையில் குழந்தை விளையாடலாம், இரண்டாவதில் பெரியவருக்கே தோள்பட்டை கழன்றுவிடும். செங்குத்தான கரையில் அலை தன் ஆற்றல் முழுவதையும் ஓரிரு மீட்டர் இடத்தில் கொட்டித் தீர்க்கிறது. மட்டமான கரையில் நூறு மீட்டருக்குப் பரப்பிச் செலவழிக்கிறது. சென்னை மெரினா உலகத்தின் நீண்ட கடற்கரைகளில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அங்கே சில அடி இறங்கியதும் ஆழம் விழுந்துவிடும், அலை கரையோரத்திலேயே அறையும். அது கற்பதற்கு ஏற்ற இடமல்ல. குளிக்கவே கூடாது என்றுதான் காவல்துறை பலகை வைத்திருக்கிறது.

சரிவை எப்படிக் கண்டுபிடிப்பது? கடலில் இறங்கி அளக்க வேண்டியதில்லை. மணலைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இந்தச் செய்தியை ஒழுங்காகப் பதிவுசெய்தவர் வில்லார்ட் பாஸ்கம் என்ற அமெரிக்கர். 1940களில், நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு, உடையும் அலைகளுக்கு நடுவே புகுந்து, அமெரிக்க மேற்குக் கரையின் கடற்கரைகளை அவரும் கூட்டாளிகளும் அளந்தார்கள். பைத்தியக்காரத்தனமான வேலைதான். கிடைத்தது என்னவோ பயனுள்ள முடிவு: மணல் பருமனாக இருந்தால் கரை செங்குத்து, நுண்ணியதாக இருந்தால் மட்டம். பருமணலில் ஏறிய தண்ணீர் இடுக்குகள் வழியே உள்ளே இறங்கிவிடும். திரும்பி ஓடும் நீர் குறைந்துவிடுவதால், மேலே கொண்டுவந்த மணல் மேலேயே குவிந்து நிற்கும். நுண்மணல் தண்ணீரை உறிஞ்சாது. திரும்பும் நீர் மணலையும் வாரிக்கொண்டு போய்க் கரையைத் தட்டையாக்கிவிடும். கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே விரிகுடாவில், முனையின் மறைவில் நுண்மணலும் மட்டக் கரையும், முனையை விட்டு விலக விலகப் பருமணலும் செங்குத்துக் கரையுமாக இருப்பதை அவர் காட்டினார். அலையின் உக்கிரம் மணலையும் தரம் பிரித்துவிடுகிறது.

ஆக, ஈரமணலில் நடக்கும்போது கால் புதையாமல் கெட்டியாக இருந்தால் நல்ல அறிகுறி. குதிகால் கணுக்கால்வரை இறங்கினால், அலையைப் பார்த்து ரசித்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

இன்னொரு சோதனை கண்ணாலேயே செய்வது. கரையில் நின்று நுரைவரிகளை எண்ணுங்கள். வெளியே முதல் உடைவுக்கும் கரைக்கும் இடையில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு வெள்ளை வரிகள் தெரிந்தால் தரை நீண்டு சரிகிறது என்று பொருள். ஒரே வரி, அதுவும் காலடியில் தடாலென்று விழுந்தால், செங்குத்து. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஷார்ட் தன் நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்கரைகளை வகைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஆபத்து மதிப்பெண் கொடுத்தவர். அவரது முறையிலும் சரிவும் அலையும் மணல்திட்டுகளும் சேர்ந்துதான் ஒரு கரையின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. நமக்கு அத்தனை பெரிய ஏடு இல்லை. எண்ணிப் பார்க்கக் கண்ணும், கேட்டுத் தெரிந்துகொள்ள மீனவர்களும் இருக்கிறார்கள்.

நுரையில் எழுந்து நிற்கக் கற்றபின் அடுத்த கட்டம் பச்சை அலை, அதாவது உடையாத அலையின் முகத்தில் பக்கவாட்டாகச் செல்வது. இங்கே வேறொரு அளவு முக்கியமாகிறது. அலை ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் உடைந்தால் பக்கவாட்டில் போக இடமே இருக்காது. ஒரு முனையில் தொடங்கி வரிசையாக உடைந்துகொண்டே போக வேண்டும். அப்படி உடைந்து செல்லும் தடத்துக்கும் முகட்டுக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை 1970களில் ஹவாயில் ஜேம்ஸ் வாக்கர் அளவிடத் தொடங்கினார். கணக்கு எளியது. சறுக்குகிறவர் எடுக்க வேண்டிய வேகம், அலையின் வேகத்தை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தது. 1.3 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டரில் வரும். கோணம் 90 பாகை என்றால் அதே வேகம் போதும். 30 பாகை என்றால் இரண்டு மடங்கு, 26 கிலோமீட்டர். 2001இல் நியூசிலாந்து ஆய்வாளர்களான ஹட், பிளாக், மீட் மூவரும் வீரர்களின் திறனை 1 முதல் 10 வரை தரம்பிரித்தபோது, முதல் படியில் இருப்பவருக்கு எழுதிய சீட்டு: 90 பாகைக் கோணம், ஒரு மீட்டருக்குள் அலை. அதாவது மிக மெதுவாக, கரையை நோக்கி நேராக மட்டுமே போகும் அலை. வல்லுநர்களுக்கு 30 பாகைக்கும் கீழே தேவைப்படும். ஒரே கரை இருவரையும் திருப்திப்படுத்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அலைகள் வரிசையாக உடைவதற்கு மிக நம்பகமான இடம் நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. முனையின் அருகே ஆழம் குறைவு. அலையின் அந்தப் பக்கம் வேகம் குறைகிறது, வெளிப்பக்கம் அதே வேகத்தில் ஓடுகிறது. மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்புவதுபோல அலைவரிசை முனையைச் சுற்றி வளைகிறது. முனையின் நுனியில் அலைக்கதிர்கள் குவிவதால் ஆற்றல் கூடும். உள்ளே, வளைகுடாவில், அவை விரிந்து பரவுவதால் ஆற்றல் நீர்த்துப்போகும். நுனியில் பெரியவர்கள், உள்ளே குழந்தைகள் என்று உலகமெங்கும் முனைக் கரைகளில் ஒரு ஏற்பாடு தானாக அமைந்திருப்பது இதனால்தான்.

இலங்கையின் அறுகம் குடாவில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பொத்துவிலுக்குத் தெற்கே, கிழக்கைப் பார்த்த கரை. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் முனையைச் சுற்றி வளைந்து, தெற்கிலிருந்து வடக்காக உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து வருகிறவருக்கு அது வலப்பக்கம். மெயின் பாயின்ட் என்று அழைக்கப்படும் நுனியில் வேகமும் நீளமும் உண்டு, அடியில் பாரும் உண்டு. புதியவர்கள் அங்கே போனால் காலைக் கிழித்துக்கொள்வார்கள், மற்றவர்களின் பாதையையும் மறிப்பார்கள். உள்ளே தள்ளி இருக்கும் பேபி பாயின்ட்டில் அதே அலை மெலிந்து வந்து சேரும். வடக்கே விஸ்கி பாயின்ட், பொத்துவில் பாயின்ட், எல்லாமே வலப்பக்க அலைகள்தான். அங்கிருந்து வடக்கே, பாக் நீரிணையைத் தாண்டிச் சென்னைக்கு அருகே வந்து கோவளத்து முனையைப் பார்த்தாலும் வலப்பக்க அலை. தற்செயல் இல்லை. கிழக்கைப் பார்த்த கரை, தெற்கிலிருந்து வரும் அலை. வேறுவிதமாக அமைந்தால்தான் ஆச்சரியம்.

கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தானே கற்றுக்கொண்டு, 2012இல் நண்பர்களின் துணையோடு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மகாபலிபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தக் கரை இந்தியாவின் அலைச்சறுக்குப் பயிற்சிக்களமாக ஆனதற்கு அக்கறையுள்ள மனிதர்கள் ஒரு காரணம் என்றால், புவியியல் இன்னொரு காரணம். தென்மேற்கிலிருந்து வரும் கனமான ஸ்வெல்லை இலங்கைத் தீவு மறித்துவிடுகிறது. தப்பி வருவது தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் சாய்வாக வந்து, கரையை நோக்கித் திரும்பத் திரும்ப ஆற்றல் பரவி மெலிகிறது. போட்டியாளருக்கு இது குறை, புதியவருக்கு வரம்.

காற்றைப் பற்றி. நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று அலையின் முகத்தை வழவழப்பாக்கும். கடலிலிருந்து வீசும் காற்று அதைக் குலைத்து, எங்கே உடையும் என்று சொல்ல முடியாத கொந்தளிப்பாக்கும். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையைக் கடந்து கிழக்குக் கரையில் கச்சானாக இறங்கும்போது அது நிலக்காற்று. மே முதல் அக்டோபர் வரை அறுகம் குடாவுக்குப் பருவமாக இருப்பதற்குத் தெற்கு ஸ்வெல்லோடு இந்தக் கச்சானும் காரணம். அதே மாதங்களில் தீவின் தென்கரையில் காற்று கடலிலிருந்து அறைகிறது. நவம்பரில் வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். தென்கரையின் வெலிகமவுக்கும் மிரிசவுக்கும் கூட்டம் இடம்பெயரும். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம் கற்பதற்கு உரியதல்ல: காற்று நேராகக் கரைமேல், அலைகள் குறுகிய இடைநேரத்தில் தாறுமாறாக, ஆற்று முகத்துவாரங்களில் செந்நீர். மற்ற மாதங்களில் கோடையின் பகல் வெப்பம் ஒரு காலக்கெடு வைக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பிவிடும். சென்னைக்காரர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் அந்தக் காற்று அலைச்சறுக்குக்காரர்களின் நாளை முடித்துவைக்கிறது.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். வெள்ளை நுரை பயமுறுத்துகிறது. நடுவே நுரையில்லாமல் கருமையாக, அமைதியாகத் தெரியும் இடைவெளி அழைக்கிறது. அந்த இடைவெளிதான் இழுப்பு நீரோட்டம். அலைகள் மணல்திட்டைத் தாண்டிக் கரைப்பக்கம் கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்ப வேண்டும். திட்டு அறுந்திருக்கும் பள்ளத்தின் வழியே அது கடலுக்குள் ஓடுகிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை, அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். சில வேளைகளில் இரண்டு மீட்டரை எட்டும். ஒலிம்பிக் நீச்சல்காரராலும் நெடுநேரம் எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது. அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்துக் கைவீசிச் சோர்ந்துபோகிறவர்களே மூழ்குகிறார்கள். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக நகர்ந்து, நுரை தெரியும் பக்கம் போவதே வழி. தேர்ந்தவர்கள் இதே இழுப்பை வெளியே போகும் வண்டியாகப் பயன்படுத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் இழுப்பைத் தேட வேண்டிய இன்னோர் இடம் தூண்டில் வளைவுகளின் ஓரம். கரையோரமாக ஓடிவரும் நீர் கற்சுவரில் முட்டி, சுவரை ஒட்டிக் கடலுக்குள் திரும்பும். மணல் ஒருபக்கம் சேர்ந்து மட்டமான நல்ல தரை உருவாகியிருக்கும்; அதனால் ஆசை காட்டும். சுவரிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நிற்காத பயிற்சியாளரிடம் பணம் கட்ட வேண்டாம். முகத்துவாரங்களும் அப்படியே.

ஓதத்தைப் பற்றி நம் கரையில் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். இலங்கையில் அதைவிடக் குறைவு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஏழு மீட்டர்வரை ஏறி இறங்குவதால் காலையில் இருந்த கரை மதியம் வேறு கரையாகிவிடும்.

மணல்திட்டுகள் நிலையானவை அல்ல என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்க் நாட்டின் முந்தாகா முகத்துவாரத்தில் உலகப்புகழ் பெற்ற ஓர் இடப்பக்க அலை உண்டு. 2000களின் தொடக்கத்தில் கழிமுகத்தைத் தூர்வாரியபின் மணல்திட்டு கலைந்து, சில காலம் அந்த அலையே காணாமல் போனது. உலகப் போட்டி ஒன்று ரத்தானது. மணல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியபின் அலையும் திரும்பியது. நம் கரையில் இந்தக் கலைப்பை ஆண்டுதோறும் வாடையே செய்கிறது. போன மார்ச்சில் நண்பர் காட்டிய அருமையான திட்டு இந்த மார்ச்சில் ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் கரையைப் புதிதாகப் படிக்க வேண்டும். மனிதர்களே திட்டைக் கட்டினால் என்ன என்றும் முயன்றார்கள். இங்கிலாந்தின் பாஸ்கம் என்னும் ஊரின் கரையில் 2009இல் பெரும் செலவில் மணல் மூட்டைகளால் அமைத்த செயற்கைப் பார், எதிர்பார்த்த அலையைத் தரவில்லை. சேதமடைந்து ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டது.

கடைசியாகக் கரையில் இருக்கும் மனிதர்கள். படகு ஏற்றி இறக்கும் இடத்திலும், கரைவலை வளைத்திருக்கும்போதும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஃபைபர் படகு அலையைத் தாண்டிக் கரைக்குப் பாயும்போது ஓட்டுபவரால் திருப்ப முடியாது. சொறி (ஜெல்லிமீன்) மிதக்கிறதா, எந்தப் பக்கம் பாறை, நேற்று இழுப்பு எங்கே இருந்தது என்பதெல்லாம் மீனவர்களுக்குத்தான் தெரியும். "அண்ணா, இங்க எறங்கலாமா?" என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், எந்தச் செயலியின் கணிப்பையும்விடப் புதியது.

இதையெல்லாம் ஒருசேர வைத்து ஒரு நாளைப் பார்ப்போம். ஜூன் மாதக் காலை. முன்கணிப்பு: ஸ்வெல் 1 மீட்டர், இடைநேரம் 13 விநாடி, திசை தெற்கு. கள்ளக்கடல் எச்சரிக்கை இல்லை. கையில் எட்டு ஒன்பது அடி நீள மென்பலகை, காலில் கட்டும் கயிறு. மூன்று கரைகள், மூன்று பதில்கள்.

வெலிகம தெற்கைப் பார்த்த குதிரைலாட விரிகுடா. ஸ்வெல் நேராக உள்ளே வரும், வெளிவரிசையில் ஒன்றரை மீட்டரை ஒட்டி எழும். தரை மணல், சரிவு மெல்லியது, ஆகவே கவிழாமல் வழியும். கடலிலிருந்து வீசும் சோளகக் காற்று அலையின் முகத்தைக் கலைத்திருக்கும். மேற்கு முனையின் மறைவில் சற்றுத் தணியும். புதியவர் வெளிவரிசையைப் பாராமல், இடுப்பளவில் நின்று, மூன்றாவது நுரைவரிக்குக் காத்திருக்கலாம். விழும்போது தலைகுப்புற அல்ல, தட்டையாக விழ வேண்டும். அடியில் கெட்டி மணல்.

அறுகம் குடாவில் காலைக் கச்சான் முகத்தைச் சீவியிருக்கும். மெயின் பாயின்ட்டில் நாளின் மிக அழகான அலைகள், கூடவே நாளின் மிகப் பெரிய கூட்டம். நமக்கு அங்கே வேலையில்லை. பேபி பாயின்ட்டுக்குப் போகலாம். அதுவும் பாரின் ஓரம் எது, மணல் எது என்று உள்ளூர் ஆள் ஒருவர் காட்டியபின்.

கோவளத்துக்கு அதே ஸ்வெல் ஏறக்குறைய செங்கோணம் திரும்பித்தான் வந்து சேர வேண்டும். திரும்புவதிலேயே பாதி உயரம் கரைந்திருக்கும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அலை, மேல்காற்று, மணல் தரை. முதல்முறை பலகையைத் தொடுகிறவருக்கு மூன்றில் இதுவே சரியான இடம். ஆறரைக்கு இறங்கினால், படகுகள் திரும்பி வரும் பக்கத்தை விட்டு ஒதுங்கி, கடற்காற்று கிளம்பும்முன் பத்து மணிக்குக் கரையேறிவிடலாம்.